நம்பி விடப்பட்ட வேலை

மேற்பார்வைக்கு ஆளில்லாத இடத்தில் ஒருவர் எப்படி வேலை செய்ய வேண்டும்? சுங்கை சோவில் பிள்ளைகளுக்குச் சி மொழி சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் மனத்தில் எழுகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அந்த மொழி, நிரல் எழுதுபவரை முழுதாக நம்புகிறது. பல தவறுகளை ஓடும்போது தடுப்பதில்லை. நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் கத்தியும் அப்படித்தான். எவ்வளவு ஆழம் போகலாம் என்பது வெட்டுகிற கைக்குத்தான் தெரிய வேண்டும். ஆழம் மிஞ்சினால் மரம் காயப்படும், புதுப்பட்டை சீராக வளராது.

சரம் எனப்படும் ஸ்டிரிங்கில்தான் பிள்ளைகள் முதலில் தடுமாறுவார்கள். சி மொழி அதன் நீளத்தைக் குறித்து வைப்பதில்லை. கடைசியில் நிற்கும் சுழியப் பைட்டே அதற்கு முடிவு. முத்துலட்சுமி என்ற பெயர் நம் கண்ணுக்கு 7 எழுத்து. யுடிஎஃப்-8 முறையில் 39 பைட், முடிவுக்குறியோடு 40. இருபது போதுமென்று இடம் ஒதுக்கி, அளக்காமல் நகலெடுத்தால், மிச்சம் பக்கத்து நினைவகத்தில் விழுந்து அங்கிருப்பதை அழிக்கும்.

கோப்புகளிலும் இதே கவனம் வேண்டும். கோப்பைத் திறக்க முடியாதபோது எஃப்ஓப்பன் என்ற செயற்கூறு வெற்றுச் சுட்டியைத் தரும். அதைப் பார்க்காமல் படிக்கப் போனால் நிரல் பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். மூடும்போது வரும் பதிலையும் பார்க்க வேண்டும். எழுதியது இடைநினைவகத்தில் காத்திருப்பதால், வட்டில் இடமில்லை என்பது அப்போதுதான் தெரியவரலாம்.

சமிக்ஞைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. கண்ட்ரோல்-சி அழுத்தினால் வரும் சமிக்ஞை, எந்த வேலையின் நடுவிலும் குறுக்கிடும். அதைக் கையாளும் இடத்திலேயே எல்லாவற்றையும் செய்து முடிக்கப் பார்த்தால், பாதியில் நிற்கும் வேலையோடு மோதல் வரும். ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டுத் திரும்புவதே முறை. கைவேலை ஒரு நிலைக்கு வந்ததும் நிரல் அந்தக் கொடியைப் பார்த்து, திறந்ததை மூடிவிட்டு வெளியேறும். கெட்ட செய்தி வரும்போது நானும் இப்படி நடக்கவே முயல்கிறேன்: உடனே குறித்துக்கொள்வது, நிதானமாகச் செயல்படுவது. ஆனால், நிரலை உடனே முடித்துவிடும் சிக்கில் என்ற சமிக்ஞையை எந்த நிரலும் தடுக்க முடியாது. ஆகவே, முக்கியமானதை அவ்வப்போது சேமித்துவிட வேண்டும்.

இந்தக் கவனத்துக்குப் பாராட்டு கிடைப்பதில்லை; பழுதின்றி ஓடும் நிரலுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஆனாலும், நம்மை நம்பி ஒரு வேலையை விடுவது நமக்குத் தரப்படும் பெரிய மரியாதை. பிள்ளைகளே, அந்த மரியாதைக்குத் தகுதியாக இருங்கள்: அளந்து எழுதுங்கள், பதிலைப் பாருங்கள், திறந்ததை மூடுங்கள்.