கைக்கு வந்ததெல்லாம் சொந்தமா?

ஒரு பொருள் நம் கையில் இருக்கிறது என்பதும், அது நமக்குச் சொந்தம் என்பதும் ஒன்றல்ல. வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு இது தெரியும். அடகு பிடித்தவருக்கும் தெரியும். பெரியவர்கள் பத்திரம் எழுதி, சாட்சி வைத்துக் காப்பாற்றும் இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் விளையாட்டுக் கார்டுகளில் தினந்தோறும் சந்திக்கிறார்கள். நாமோ அதை அற்ப விஷயம் என்று தள்ளிவிடுகிறோம். உண்மையில் அது அற்பந்தானா?

தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளின் பொம்மைக் கடைகளிலும் ஸ்டேஷனரி கடைகளிலும் இந்தக் கார்டுகள் விற்கப்படுகின்றன. மல்யுத்த வீரர் படம் போட்டது, கிரிக்கெட் வீரர் படம் போட்டது, போக்கிமான் என்று பலவிதம். முந்திய தலைமுறையினர் சேர்த்த தீப்பெட்டிப் படங்களுக்கும் கோலிக்குண்டுகளுக்கும் இவை வாரிசுகள். உருவப்படங்கள் பற்றிய சட்டம் தனி. இங்கே நாம் ஆராய்வது உடைமை ஒன்றை மட்டுமே.

ட்ரம்ப் கார்டு ஆட்டத்தைப் பாருங்கள். எடை, உயரம் என்று ஒரு கணக்கைச் சொல்லி, எண் பெரிதாக உள்ளவன் எதிரியின் கார்டை எடுத்துக்கொள்கிறான். முடிவில் எல்லாக் கார்டும் ஒருவன் கையில் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் ஆட்டம் முடிந்ததும் கட்டு முழுவதும் யார் வீட்டிலிருந்து வந்ததோ அவனிடமே திரும்புகிறது. யாரும் சண்டை போடுவதில்லை. பிள்ளைகளுக்கு யாரும் ஃபிக்ஹு கற்றுத் தராமலே, கைமாறுவது வேறு, உடைமை மாறுவது வேறு என்று புரிந்திருக்கிறது!

சேகரித்து ஆடும் கார்டு விளையாட்டுகள் இதையே எழுத்தில் விதியாக்கியுள்ளன. 1993ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மேஜிக் தி கேதரிங்’ விளையாட்டில் ஒரு கார்டுக்குச் ‘சொந்தக்காரர்’ வேறு, ‘ஆள்பவர்’ வேறு. எந்தக் கட்டில் அது ஆட்டத்துக்கு வந்ததோ அவரே சொந்தக்காரர். எதிரியின் கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் சக்தி சில கார்டுகளுக்கு உண்டு. அப்போது ஆளும் உரிமை மாறும், சொந்தம் மாறாது. அந்தக் கார்டு அழிந்தாலும் இழுத்தவர் குவியலுக்குப் போகாது, சொந்தக்காரர் குவியலுக்கே போகும். ஜப்பானிய ‘யூ-கி-ஓ’ விளையாட்டிலும் இதே நியதிதான்.

நமது மார்க்கத்தில் இது புதிய பாடமன்று. ஹிஜ்ரி 8ல் ஹுனைன் போருக்கு முன்பு, அப்போது இஸ்லாத்தைத் தழுவியிராத ஸஃப்வான் இப்னு உமைய்யாவிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போர்க் கவசங்களைக் கேட்டார்கள். பறித்துக்கொள்கிறீர்களா என்று அவர் வினவ, இல்லை, திருப்பித் தரும் பொறுப்புடன் கூடிய இரவல் என்று விடையளித்தார்கள். மக்காவை வென்று, அதிகாரம் முழுவதும் கையில் இருந்த வேளை அது. அப்போதும் ஆளும் சக்தியை உடைமையாக எண்ணவில்லை!

இரவல் பொருள் கெட்டுப்போனால் என்ன சட்டம்? அனுமதித்தபடி பயன்படுத்தித் தேய்ந்தாலன்றி, வாங்கியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். அது அமானிதம், வரம்பு மீறினாலோ அசட்டை செய்தாலோதான் ஈடு என்பது ஹனஃபி மத்ஹப். ஆட்டத்தில் வாங்கிய கார்டை மடக்கிக் கசக்கிவிட்டு, “விளையாட்டுதானே” என்று சொல்பவன் இரு மத்ஹபிலும் தப்ப முடியாது. ஒருவர் தம் சகோதரரின் பொருளை விளையாட்டாகவும் எடுக்கக்கூடாது, வினையாகவும் எடுக்கக்கூடாது; கைத்தடியை எடுத்திருந்தாலும் திருப்பித் தர வேண்டும் என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் ஹதீஸ் வந்துள்ளது. கைத்தடிக்கே இந்தச் சட்டமென்றால் கார்டுக்கு இல்லையா?

அடுத்து ஒரு நுட்பமான கட்டம். “ஜெயித்தவனுக்கே கார்டு சொந்தம்” என்று இருவரும் முன்கூட்டியே சம்மதித்து ஆடினால்? சம்மதம் இருக்கிறதே, கூடாதா என்று சிலர் கேட்கலாம். கூடாது. தோற்றால் இழப்பு, வென்றால் ஆதாயம் என்று இருவரும் பொருள் வைத்து ஆடுவதே சூது. சூதில் சம்மதம் இல்லாமலா இருக்கிறது? ஒவ்வொருவரும் மற்றவர் தோற்க வேண்டுமென்றே சம்மதிக்கிறார். வியாபாரத்தில் இருவரும் ஏதோ ஒன்றைப் பெறுகிறார்கள். இங்கே ஒருவர் பெறுவது மற்றவரின் வெறுங்கை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவுடன் சேர்த்துச் சூதையும் விலக்கியபோது, பகைமையை உண்டாக்குவதையும் தொழுகையை மறக்கச் செய்வதையும் காரணமாக எடுத்துரைக்கின்றன. சூதாட வா என்று வெறும் வாயால் அழைத்தவரையே தர்மம் செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள்.

மேஜிக் விளையாட்டிலும் ஆரம்பத்தில் இந்தப் பந்தயம் இருந்தது. ஆளுக்கு ஒரு கார்டை ஒதுக்கி வைத்து ஆடுவார்கள். வென்றவர் இரண்டையும் தமதாக்கிக்கொள்வார். அதற்கென்றே ஒன்பது கார்டுகள் அச்சிடப்பட்டன. 1995க்குப் பிறகு அத்தகைய கார்டுகள் வெளிவரவில்லை. முறையான போட்டிகளில் அவற்றுக்குத் தடையும் உண்டு. 2001ல் சவூதி அரேபியாவின் மார்க்கத் தலைமை போக்கிமானைத் தடை செய்தபோது, சூதாட்டச் சாயலையும் ஒரு காரணமாகக் காட்டியது.

பந்தயமில்லாத பண்டமாற்றோ வேறு. அது வியாபாரம்; அடிப்படையில் ஆகுமானது. ஆனால் அங்கேயும் ஓர் ஆபத்து இருக்கிறது. விலை தெரிந்த பதினைந்து வயதுப் பையன், விலை தெரியாத எட்டு வயதுக் குழந்தையிடம் நாலு பளபளப்பான நகல் கார்டைக் கொடுத்து ஓர் அசல் கார்டை வாங்கிக்கொள்கிறான். “அவனே சந்தோஷமாகக் கொடுத்தான்” என்கிறான். பருவமடையாத பிள்ளையின் கொடுக்கல் வாங்கல் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. விவரம் தெரிந்த பிள்ளையின் வியாபாரம் பொறுப்பாளரின் அனுமதியைப் பொறுத்தது என்பது ஹனஃபி மத்ஹப். பிள்ளை இனாமாகக் கொடுத்ததோ பொறுப்பாளர் அனுமதித்தாலும் செல்லாது என்கிறது அதே மத்ஹப். ஆகவே அந்தக் கார்டு பெரியவன் பெட்டியில் இருந்தாலும் அவனுக்குச் சொந்தமாகிவிடவில்லை.

உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மூடிய பாக்கெட்டுக்கும் ஒரு வார்த்தை. கல்லை எறிந்து, அது எதன்மேல் விழுகிறதோ அதை விற்கும் முறையையும், நிச்சயமற்ற பொருளின் வியாபாரத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அரிய கார்டு கிடைக்குமென்ற ஆசையில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிழித்துப் போடும் பிள்ளை அந்தக் கல்லெறிக்கு மிக அருகில் நிற்கிறான். தேவையான கார்டைப் பார்த்து, விலை பேசி வாங்குவதே பேணுதலானது.

பெற்றோர்களே! விளையாட்டைத் தடுப்பதைவிட விதியைக் கற்றுக்கொடுப்பது பயன் தரும். ஆட்டம் தொடங்குமுன் அவரவர் கார்டை அவரவர் எண்ணட்டும். முடிந்ததும் எண்ணித் திருப்பட்டும். மாற்றிக்கொள்வதானால் இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியட்டும். பிள்ளை புதுக் கார்டுடன் வீட்டுக்கு வந்தால், “ஜெயித்தாயா?” என்று கேட்காமல், “யாருடையது?” என்று கேளுங்கள். பிறர் பொருள் என்று தெரிந்தால், மஃரிபுக்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி கூடவே நடந்து செல்லுங்கள். ஒரு கார்டைத் திருப்பிக் கொடுத்துப் பழகிய கைதான் நாளை கூட்டாளியின் பங்கையும், சகோதரியின் வாரிசுரிமையையும், வங்கிக் கணக்கில் தவறி வந்த பணத்தையும் திருப்பிக் கொடுக்கும்.

நம் கையில் இருப்பதில் நமக்கு உரியது எது, பிறருக்கு உரியது எது என்று பிரித்தறியும் உள்ளத்தை அல்லாஹுத்தஆலா நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.