சிபாரிசும் சாட்சியும்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சிறிது தூரம் சென்றால் தேவனாம்பட்டினம் வரும். அங்கே கெடிலத்தின் கரையில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்தில் இன்று சிதைவுகளே எஞ்சியுள்ளன. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கோட்டை அது. அதனைக் காணும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. ஒரு நாட்டு மக்களின் நல்வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்யும் பேச்சு எங்கே நடைபெறுகிறது? அனைவரும் காணும் சபையிலா, அன்றி எவரும் காணாத அறையிலா?

'சிபாரிசு' என்பது பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்து, நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்ட ஒன்று. கல்லூரியில் இடம் வேண்டுமா, வேலை மாற்றம் வேண்டுமா, "யாரைப் பிடித்தால் காரியம் ஆகும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். சிபாரிசு செய்வதே பாவம் என்று நாம் கூறவில்லை. மனு எழுதத் தெரியாத ஒரு விதவைக்காக அலுவலகப் படியேறிப் பேசுபவர் நன்மையே செய்கிறார். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், நன்மைக்குப் பரிந்து பேசுபவருக்கு அந்நன்மையில் பங்கு உண்டென்றும், தீமைக்குப் பரிந்து பேசுபவர் அத்தீமையின் சுமையைப் பங்கிட்டுக்கொள்வார் என்றும் உணர்த்துகிறது. ஆகவே, சிபாரிசு செய்தவர் வெறும் தூதர் அல்லர், அவர் பங்காளி. அவ்வாறாயின், நல்ல சிபாரிசையும் தீய சிபாரிசையும் பிரித்தறிவது எங்ஙனம்?

இதற்கு விடை தேட வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. அக்கோட்டையைச் சூழ்ந்திருந்த நாட்டை ஆண்ட ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் வரலாறே போதுமானது. அவர் பெரும் போர்ச்செலவுகளுக்காகக் கும்பினி ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். அதற்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி வருவாயை எழுதிக்கொடுத்தார். சென்னைக்குப் பொறியாளராக வந்த பால் பென்ஃபீல்டு என்னும் ஊழியர், தமக்கு இரண்டு இலட்சம் பவுனுக்கு மேல் வர வேண்டும் என்று தஞ்சை வருவாயைக் காட்டிக் கோரினார். அதனை ஏற்க மறுத்த ஆளுநர் பிகட் பிரபுவை, அவருடைய ஆலோசனை சபையின் பெரும்பான்மையினரே 1776 ஆகஸ்டில் சிறைப்படுத்தினர். மறு ஆண்டு மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார். அச்சபையினருள் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களும் இருந்தனர். கடன் கொடுத்தவரே நீதி சொல்லும் இடத்திலும் அமர்ந்திருந்தால், எதிர்ப்பக்கத்திற்காக யார் பேசுவார்?

கதை இத்துடன் முடியவில்லை. பென்ஃபீல்டு 1780-இல் ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினரானார். கடன்காரர் தரப்பினருக்கு அங்கே ஒரு கட்சியே உருவாயிற்று. அக்கடன்களை விசாரணையின்றி ஆர்க்காட்டு வருவாயிலிருந்து தீர்க்கும்படி அரசு ஆணையிட்டது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் எழுந்து, இது பாராளுமன்ற ஆதரவுக்குக் கொடுக்கப்பட்ட விலை என்று நெடுநேரம் வாதாடினார். அவர் பக்கம் தோற்றது. பின்னர், 1801-இல் அந்நாட்டைக் கும்பினி தன்வசமாக்கிக்கொண்ட பிறகு, மேலும் மூன்று கோடி பவுனுக்கு மேல் கடன் கோரிக்கைகள் வந்தன. இம்முறை அவற்றை விசாரிக்க ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். விசாரித்தபோது அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையெனத் தேறவில்லை! விசாரணையின்றித் தீர்க்கப்பட்ட கடன்களில் எத்தனை பொய்யோ, அது இறைவனுக்கே வெளிச்சம்.

நம் சமுதாயம் வாலாஜாவின் பெயரை மதிப்புடன் நினைவு கூர்கிறது. திருவல்லிக்கேணியில் அப்பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. எனினும் நாம் உண்மையை மறைத்தல் ஆகாது. அவரும் மறைவழியை நாடினார். 1768-இல் அவருடைய இரகசியத் தூதராக ஜான் மக்பெர்சன் என்பார் இலண்டன் சென்று, பிரதமர் கிராஃப்டன் கோமகன் வரை அணுகினார். அதே மக்பெர்சன் 1785-இல் இடைக்கால கவர்னர் ஜெனரலாகவே அமர்ந்தார். இரு தரப்பாருக்கும் இலண்டனில் வாய் இருந்தது. வரி கொடுத்த உழவனுக்கு மட்டும் இல்லை. தன்னைப் பற்றி அங்கே பேசப்படுகிறது என்பதையே அவன் அறியான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்குத் தெளிவான வழிகாட்டல் உண்டு. திருடிய ஓர் உயர்குலப் பெண்ணுக்காக, நாயகத்தின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களைக் குலத்தார் சிபாரிசுக்கு அனுப்பினர். நாயகம் அதனை ஏற்கவில்லை. மக்கள் முன் எழுந்து நின்று, உயர்ந்தோருக்கு ஒரு நீதி, எளியோருக்கு ஒரு நீதி என்பதே முன்னோரை அழித்தது என்று எச்சரித்தார்கள். மற்றொரு சமயம், ஜகாத் வசூலித்து வந்தவர், "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பு" என்று பிரித்து வைத்தார். பெற்றோர் வீட்டில் சும்மா அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நாயகம் மிம்பரில் ஏறி, அனைவரும் கேட்கக் கேட்டார்கள். இரண்டிலும் தனியே வந்த பேச்சு சபைக்குக் கொண்டுவரப்பட்டதை நாம் கவனித்தல் வேண்டும்.

இன்று ஐரோப்பியர் இதனைச் சட்டத்தால் செய்ய முயல்கின்றனர். தம்மை அணுகிப் பரிந்து பேசும் அமைப்புகளுக்காக, ஐரோப்பியப் பாராளுமன்றமும் ஆணையமும் 2011-இல் பொதுப் பதிவேடு ஒன்றைத் திறந்தன. யாருக்காகப் பேசுகிறார், எவ்வளவு செலவிடுகிறார் என்பதை எவரும் அதில் பார்க்கலாம். ஆயினும் 2022 டிசம்பரில் பெல்ஜியக் காவல்துறையினர் கட்டுக்கட்டாகப் பணத்தைக் கைப்பற்றினர். அப்பாராளுமன்றத்தின் துணைத் தலைவர் ஒருவரே கைதானார். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஏடு மட்டும் மனிதனைக் காக்காது என்பதற்கு இது சான்று. நம் நாட்டிலோ அத்தகைய ஏட்டுக்கே சட்டம் இல்லை. எனினும் தகவல் அறியும் உரிமைக்கு 1997-இலேயே தமிழகம் சட்டம் இயற்றியது. 2005-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. கட்சிகளுக்குப் பணம் கொடுப்பவரின் பெயரை மக்களிடமிருந்து மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

"தருமத்தை மறைவாகச் செய்வதுதானே சிறப்பு? சிபாரிசை மட்டும் ஏன் வெளிப்படுத்த வேண்டும்?" என்று சிலர் வினவலாம். நன்று. தருமம் நம் சொந்தப் பொருள்; அதனை மறைத்துக் கொடுத்தால் வாங்குபவரின் மானம் காக்கப்படும். சிபாரிசால் பெறுவதோ பெரும்பாலும் பிறருடைய பொருள். நம் பொருளை மறைத்துக் கொடுத்தல் பண்பு. பிறர் பொருளை மறைத்துக் கொடுத்தல் களவு.

இதனை எழுதும் தகுதி நமக்கு உண்டா என்பதும் ஐயமே. பல்லாண்டுகளுக்கு முன், நண்பர் மகனுக்காக நாம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிக் கொடுத்தோம், வேலையும் கிடைத்தது. சில மாதங்கள் கழித்து, திருப்பாதிரிப்புலியூர் இரயில் நிலையத்தில் நம்மருகே அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், தேர்வில் முதலாவதாக வந்தும் தமக்கு வேலை கிடைக்கவில்லை என்று வருந்தினார். அவர் சொன்ன வேலை அதே வேலைதான். அவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கோ அவரைத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கூறாமல் இரயிலேறினோம்.

அன்று முதல் எவரேனும் சிபாரிசு கேட்டு வந்தால், நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம்: இக்கடிதத்தால் இழப்பவர் நம் எதிரே அமர்ந்திருந்தால், அவர் காதில் விழும்படி இதனைப் படித்துக் காட்ட நம்மால் இயலுமா? இயலுமாயின் கையெழுத்திடுகிறோம். இயலாதாயின், வந்தவரிடம் காரணத்தைக் கூறித் திருப்பி அனுப்புகிறோம். அவர்களில் சிலர் இன்றும் நம்மோடு பேசுவதில்லை.