கொடியைப் புரட்டுதல்

வாடகை வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி சர்க்கரைவள்ளி போட்டிருந்தேன். புரட்டாசி முதல் வாரத்தில் நட்டால் பொங்கலுக்குக் கிழங்கு. விதை போடுவதில்லை, பழைய கொடியில் நாலு கணு உள்ள துண்டாக வெட்டிப் பதித்தால் போதும்.

ஐப்பசி மழையில் கொடி வெறிபிடித்தாற்போல ஓடியது. ஈரமண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர் விட்டது. வீட்டுக்காரப் பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கணுவுக்குக் கணு வேர் விட்டா கெழங்கு நூலாப் போயிடும் தம்பி. புரட்டி விடுங்க." புரட்டினேன். சின்ன வேர்கள் பட்பட்டென்று அறுபடும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே காரியத்தை ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நண்பனிடம் செய்திருக்கிறேன். அவன் கவிதை எழுதினான்; கதை, மொழிபெயர்ப்பு, நாடகம் எல்லாவற்றிலும் கை வைத்தான். சிதறாதே, கவிதை ஒன்றுதான் உன் இடம், மற்றதை விடு என்று எட்டுப் பக்கக் கடிதம் எழுதினேன். விட்டான். இரண்டு வருஷம் நல்ல கவிதைகள் வந்தன. பிறகு கவிதையும் நின்றது. இப்போது எதுவும் எழுதுவதில்லை.

கார்த்திகையில் பாங்கு என்னை மூன்று வாரம் வேறு கிளைக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது சுவரோரப் பாத்தி முழுக்க வேர் பிடித்துக் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

தை பிறப்பதற்கு முன் ஒரு கிழங்கைக் கீறிப் பார்த்தேன். பால் கறுக்காமல் வெள்ளையாகவே காய்ந்தது; முற்றிவிட்டது. தோண்டினேன். புரட்டிய பாத்திகளில் கைகொள்ளாத கிழங்கு. சுவரோரம் விரல் பருமனுக்கு மேல் இல்லை. பெரியவர் சொன்னது சரி. விமர்சகனாக நான் சொன்னதும் சரி என்றுதான் இதற்கு அர்த்தம்.

ஆனால் புரட்டிய கொடிகள் அன்று சாயங்காலமே துவண்டுவிட்டன. அவற்றுக்கு இருந்தது ஒரே இடம். அதைத்தான் நான் தோண்டிவிட்டேனே. சுவரோரக் கொடி, அடிக்கிழங்கை எடுத்த பிறகும், கணுவுக்குக் கணு மண்ணைப் பிடித்துக்கொண்டு பச்சையாக இருக்கிறது.

கலைக்கு ஒருமுகப்படுதல் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் தானே ஒன்றைத் துறப்பதும், அடுத்தவன் வேரைப் பிடுங்கிவிட்டு அதைத் துறவு என்று சொல்வதும் ஒன்றல்ல. பெரியவர் நாணயமானவர். அவருக்கு வேண்டியது கிழங்கு. கொடியின் நன்மைக்காகப் புரட்டச் சொல்வதாக அவர் பேசவில்லை. நான் அந்த எட்டுப் பக்கத்திலும் நண்பனின் நன்மையைப் பற்றியே எழுதியிருந்தேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது என் கட்டுரைகளுக்கு ஓர் உதாரணம். தமிழில் ஒரு கவிஞன் இப்படி இருக்க முடியும் என்று காட்ட ஆள் தேவைப்பட்டது. அவன் சாப்பிடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த புரட்டாசியிலும் நடுவேன். கொடியைப் புரட்டவும் செய்வேன். யார் வயிற்றுக்கு என்பதில் இனிப் பொய் சொல்லிக்கொள்ள முடியாது. நடுவதற்கான துண்டுகளைச் சுவரோரக் கொடியிலிருந்துதான் வெட்ட வேண்டும். வேறு கொடி மிச்சமில்லை.

நண்பனுக்கு இன்னொரு கடிதம் பாக்கி இருக்கிறது. இந்தத் தடவை அது எட்டுப் பக்கம் வராது.