வரன் விசாரிப்பும் நமது நாவும்

'செல்போன் செயலி மூலம் மாப்பிள்ளை தேடுவது மார்க்கத்தில் கூடுமா?' என்று வில்லாபுரத்துத் தாய்மார்கள் நம்மிடம் கேட்கிறார்கள். கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் வேலையில் இருக்க, வரன் சொல்லும் பெரியம்மாக்களும் குறைந்து வரும் இக்காலத்தில் அது விடையாகாது.

2012-ல் வந்த டிண்டர் போன்றவை நிகாஹை நோக்கமாகக் கொண்டவையல்ல. அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை. முன்பு முஸ்மேட்ச் என்றிருந்து 2022-ல் 'மஸ்' எனப் பெயர் மாறிய செயலி, முஸ்லிம்களுக்கென்றே உள்ளது. விரும்பினால் உரையாடலின் நகல் வலீக்குப் போய்ச் சேரும் ஏற்பாடும் அதில் உண்டு. விரும்பினால்தானே!

பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பெண் பேசிய முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்களிடம், அப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்தார்கள். நம் வீடுகளிலோ பத்திரிகை அடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிறோம். பிள்ளைகள் செயலியை நாடுவதில் நமக்கும் பங்குண்டு.

செயலி படம் காட்டும், சம்பளம் சொல்லும், தொழுகையாளியா என்றும் சொல்லும். எல்லாம் அவரவர் வாக்குமூலம். அடுத்த வீட்டுக்காரரின் சாட்சி அதில் இல்லை. இதுவே நமது கவலை.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி), அபூ ஜஹ்ம் (ரலி) இருவரும் பெண் கேட்டனர். அவர் யோசனை கேட்டபோது, ஒருவர் பொருளற்றவர், மற்றவர் கைத்தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்று நபியவர்கள் ஒளிக்காமல் கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கச் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

நாம் என்ன செய்கிறோம்? பையன் குடிப்பதை அறிந்தும், விசாரிக்க வந்தவரிடம் 'நல்ல குடும்பம்' என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கேட்டால், புறம் பேசக்கூடாதாம்! புறம் பேச அனுமதியுள்ள இடங்களில் திருமண ஆலோசனையையும் இமாம் நவவீ (ரஹ்) தமது ரியாளுஸ் ஸாலிஹீனில் சேர்த்து, மேற்சொன்ன ஹதீஸையே சான்று காட்டுகிறார்கள். தேவையான அளவுக்குத்தான், தெரிந்ததை மட்டும்தான். ஆறு மாதத்தில் பெண் தாய்வீடு திரும்பிய பின், 'எனக்கு அப்போதே தெரியும்' என்று சொல்ல மட்டும் பத்துப் பேர் வருகிறார்கள்.

செயலியில் கண்ட வரனுக்கும் ஒரு மஹல்லா இருக்கும். நிகாஹ் தஃப்தருக்காக அந்த ஜமாஅத்தின் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்டு வாங்குகிறோம். அதைப் பேச்சுத் தொடங்கும்போதே கேட்டு, ஆளும் அனுப்பலாம். வெளியூரில் தங்கியிருப்பவராயின் வீட்டுச் சொந்தக்காரரையும், உடன் வேலை செய்பவர் இருவரையும் விசாரிக்கலாம்.