முகவுரையில் இல்லாத பெயர்

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் கிறிஸ்தவத்தின் பெயர் இடம்பெறவில்லையே என்று வருந்தும் கத்தோலிக்கர் நம்மிடையே உண்டு. வருத்தம் இயல்பானதே. கோவை மண்ணில் மறைப்பணி ஆற்றிய தொடக்ககால ஆயர் மரியோன் பிரெசிலாக் பிரெஞ்சு நாட்டவர் அல்லவா? நமக்கு நற்செய்தியைக் கொணர்ந்த கண்டமே அதை மறந்துவிட்டதா என்ற கேள்வி நெஞ்சைத் தைக்கிறது.

அந்த ஒற்றுமைக்கு வித்திட்டோருள் ஷூமான், அடனோவர், தெ காஸ்பரி ஆகிய மூவரும் ஆழ்ந்த கத்தோலிக்கர்கள். 1950 மே 9 அன்று ஷூமான் விடுத்த அறிக்கை, பிரான்சும் ஜெர்மனியும் தத்தம் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின்கீழ் வைக்க வேண்டும் என்றது. படைக்கலங்களுக்கான மூலப்பொருளே பொதுவாகிவிட்டால் ஒருவர்மீது ஒருவர் போர் தொடுப்பது எங்ஙனம்? நேற்றைய பகைவனை மன்னிப்பதற்கு இதைவிடத் திட்டவட்டமான வழி அரசியலில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் அவ்வறிக்கையில் இறைவனின் பெயரைத் தேடினால் கிடைக்காது. அதை விடுத்த ஷூமானையே திருச்சபை 2021இல் வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

பின்னர் ஐரோப்பாவுக்கு ஓர் அரசியலமைப்பு வரையப்பட்டபோது, கிறிஸ்தவ மரபை அதில் குறிப்பிடுமாறு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003இல் வேண்டினார். பிரான்சு முதலிய நாடுகள் இசையவில்லை. அந்த அரசியலமைப்பும் 2005இல் பிரெஞ்சு, டச்சு மக்களின் வாக்கெடுப்புகளில் தோற்றது. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் ஐரோப்பாவின் பண்பாட்டு, சமய, மனிதநேய மரபு என்று பொதுப்படச் சொல்லி நிறுத்திக்கொண்டது.

இதே வழக்கு நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில், முகவுரை ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டுமென எச். வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். ‘தேவியின் பெயரால்’ என்று ஏன் இருக்கக்கூடாது என அசாம் உறுப்பினர் ஒருவர் உடனே எழுந்தார். சிரிப்புக்குரியதாகத் தோன்றினும் கேள்வி நியாயமானதே, எவருடைய கடவுள்? எதிர்த்தோர் எல்லாரும் கடவுள் மறுப்பாளர் அல்லர். நம்பிக்கையில் கட்டாயம் புகுந்துவிடும் என்றே தாணுப் பிள்ளை அஞ்சினார். 41 பேர் ஆதரிக்க, 68 பேர் எதிர்க்க, திருத்தம் வீழ்ந்தது.

அந்த 68 வாக்குகளுக்கு நன்றி சொல்லாத சிறுபான்மையினர் இந்நாட்டில் இருக்க முடியுமா? அப்படியாயின், இங்கே பெயர் விடுபட்டதற்கு மகிழ்ந்து, அங்கே விடுபட்டதற்கு அழுவது எந்த நீதி?

திருத்தந்தை கேட்டது அதிகாரத்தை அன்று, நினைவை. பேராலயங்களும் பல்கலைக்கழகங்களும் எழுந்த வரலாற்றை ஒப்புக்கொள்ளுமாறு கேட்பது வேறு; சட்டத்தில் சலுகை கேட்பது வேறு. அவ்வளவில் அவர் பக்கம் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். ஆனால் நம்மவர் பேச்சில் இவ்விரண்டும் எளிதில் கலந்துவிடுகின்றன. ‘அது கிறிஸ்தவக் கண்டம்’ என்று சொல்லும் நாவுக்கு, வேறொருவர் இந்நாட்டைத் தம் சமயத்தின் நாடு என்னும்போது மறுக்க என்ன உரிமை?

மதச்சார்பின்மையும் எல்லா இடத்திலும் ஒன்றன்று. பிரான்சில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பள்ளி மாணவி முக்காடிட்டோ பெரிய சிலுவை அணிந்தோ வகுப்புக்குச் செல்லலாகாது. நம் நாட்டிலோ துறவு உடையணிந்த கன்னியர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பாடம் நடத்துகின்றனர். அரசு சமயத்தை விரட்டாமலும் சுமக்காமலும் இருக்கும் இந்த ஏற்பாட்டின் நிழலில்தான் நாம் வாழ்கிறோம்.

அந்த நிழல் விலகினால் என்னவாகும் என்பதைக் கோவை அறியும். 1997 நவம்பர்க் கலவரமும், 58 உயிர்களைப் பறித்த 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளும் ஏட்டில் படித்த செய்திகள் அல்ல. ஷூமான் நிலக்கரியில் தொடங்கினார்; நாம் எதில் தொடங்குவது? நம் மாநிலத்தில் புதிய வழிபாட்டிடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நம் சிற்றாலயம் ஒன்றுக்கு அது தாமதமானால் மனம் கொதிக்கிறோம். புதிய குடியிருப்பு ஒன்றில் முஸ்லிம்கள் தொழுகைக் கூடம் கேட்டபோது, கூடாதென்று எழுதப்பட்ட மனுவில் நம் பங்கு மக்கள் சிலரின் கையொப்பங்களையும் கண்டேன்.