தோனாவூர் அம்மை



1901 மார்ச்சு மாதம், கோவிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி, அயர்லாந்திலிருந்து நெல்லைச் சீமைக்கு வந்திருந்த ஆமி கார்மைக்கேல் அம்மையிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னர் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தோனாவூர் தாய்வீடாயிற்று. 1895-ல் இந்தியா வந்த அம்மை, 1951-ல் மரிக்கும்வரை ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. பிரிவினைச் சபையார்தாமே என்பீர்கள். ஆகட்டும், பிள்ளையை ஏற்பவன் தம்மையே ஏற்பதாகச் சேசுநாதர் சொன்னதை அவர் அப்படியே நம்பினாரே!

மதுரையில் நம்மவர் சிலர் வீட்டில், கிராமத்திலிருந்து அழைத்துவந்த சிறுமி பாத்திரம் துலக்குகிறாள். அவள் வயதுள்ள மகள் பள்ளிக்கூடம் போகிறாள். "சோறு போடுகிறோமே, சாமி" என்கிறார்கள். 14 வயதாகாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், பாவமுங்கூட. வரும் திங்கட்கிழமையே அவளைப் பள்ளியில் சேருங்கள். தெருவில் ஆதரவற்று நிற்கும் குழந்தையைக் கண்டால் 1098-க்குச் சொல்லுங்கள்; ஆள் வரும்வரை கூடவே இருங்கள்.