மழைக்கு உடையவர் யார்?

மழையும் விதி, வெள்ளமும் விதி என்று கைகட்டி நிற்போர் நம்மவருட் பலர். மழை நம் வசத்ததன்று என்பதை ஒப்புவோம். வெள்ளமும் அத்தகையதே என்பதை ஒப்போம்.

கோம்பாக்கும் கிள்ளானும் கூடுமிடத்தில் எழுந்த நகரம் கோலாலம்பூர். 1926லும் 1971லும் அது பெருவெள்ளத்தில் மூழ்கிற்று. 2021 டிசம்பரில், கிள்ளான் ஆற்றின் கீழ்ப்புறத்து ஷா ஆலமில், தாமான் ஸ்ரீ மூடா மக்கள் கூரைமீதேறி உதவிக்குக் காத்திருந்தனர். அன்று பெய்தது பெருமழையே, மறுக்கவில்லை. ஆயினும் அந்நகரம் முன்னாளில் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்ட நிலம். அம்மண் மழையில் ஒரு பங்கைக் குடித்து, எஞ்சியதை மெல்ல விடுத்தது. தாரும் சிமெண்டும் குடிப்பதில்லை. விழுந்த நீரை உடனே ஆற்றுக்குத் துரத்துகின்றன.

ஈண்டு எழும் அறவினா யாதெனில், நம் மனையில் விழும் மழைக்குப் பொறுப்பாளி யார் என்பதே. மேட்டிலுள்ளான் தன் முற்றம் முழுதும் சிமெண்டு பூசுகின்றான். அவன் வாசலில் நீர் நிற்பதில்லை. ஆதலால் தான் எவர்க்கும் தீங்கிழைத்திலன் என நம்புகின்றான். அந்நீர் எங்கே சென்றது? பள்ளத்தில் வாழ்வோன் வீட்டுக்கன்றோ! மேட்டு நிலத்தின் விலை கொடுக்கவியலாத ஏழையே பெரும்பாலும் அப்பள்ளத்தில் குடியிருக்கின்றான். குப்பையை அவன் வாசலில் கொட்டினால் குற்றம் என்போம். நீரைக் கொட்டினால் நாகரிகம் என்போமா?

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பாருமுளர். கோலாலம்பூரின் நடுப்பகுதியைக் காக்க 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்ச் சுரங்கம் 2007 முதல் இயங்குகின்றது, நன்று. ஆனால் ஒவ்வொரு தாமானுக்கும் ஒரு சுரங்கம் தோண்ட யாரால் இயலும்? புதிதாய்க் கட்டுவோர் தம் நிலத்து மழைநீரைத் தம் நிலத்திலேயே தேக்கி மெல்ல விடவேண்டுமென்னும் முறை 2001இலேயே வந்துவிட்டது. பொறியாளர் வகுத்த இவ்விதியை நாம் ஒழுக்க விதியாகவே கொள்ளுதல் வேண்டும்.

நமக்கு இது புதிதுமன்று. தோட்டத்துச் சரிவுகளில் மண்ணும் நீரும் ஓடிவிடாதபடி குழிவெட்டியவர் நம் பாட்டன்மார். துரையின் மண்ணைக் காக்க அவர்கள் செய்ததை, அண்டை அயலாரைக் காக்க நாம் செய்யலாகாதா?

வெள்ளத்தன்று சோற்றுப் பொட்டலம் சுமந்தோடுதல் இரக்கம். அதில் நாம் எவர்க்கும் குறைந்தோமல்லோம். வெள்ளத்திற்கு முன்னரே நம் முற்றத்தில் நாலடி மண்ணைத் திறந்து வைத்தலும், மன்றத்தில் எழுந்து வடிகாலைப் பற்றிக் கேட்டலும் நீதி. இரக்கம் வெள்ளத்திற்குப் பின்னரே வரவியலும். நீதியோ முன்னரே வரவல்லது.